அலி கட்சிக்காரர் டீக்கடையில் ஒரு ஃபிரேசியர் கட்சிக்காரி

குன்னூரிலிருந்து ஊட்டி போகிற ரோட்டில், பாய்ஸ் கம்பெனி தாண்டி அருவங்காடு வருவதற்குள், ரோட்டை விட்டுக் கொஞ்சம் படி இறங்கினால் ஒரு டீக்கடை. போர்டு கிடையாது. யாரைக் கேட்டாலும் பட்டாளத்தார் கடை என்று கை காட்டுவார்கள். பகலில் சாதாரணக் கடைதான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், பச்சைத் தேயிலை ஏற்றிப் போகிற பிக்கப் வண்டிக்காரர்கள் என்று ஓடிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு மேல் கதை வேறு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெள்ளையடித்த சுவரில் புரொஜெக்டர் வைத்துப் பழைய குத்துச்சண்டைகளைக் காட்டுகிறார். முழுசாகக் காட்டுகிறார். முதல் பெல்லிலிருந்து கடைசி பெல் வரை, நடுவில் ஒரு நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது உட்பட.

இந்த மதிப்புரை அந்தச் சனிக்கிழமைக்குத்தான். இப்போது ஓடுவது அமெரிக்க ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்கள் முகமது அலி, ஜோ ஃபிரேசியர் வரிசை. மூன்று சண்டை, மூன்று சனிக்கிழமை, மொத்தம் 41 ரவுண்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுவார், ஊரில் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அப்புறம் பாரபட்சம் என்று சொல்லக்கூடாது. குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடை ஜன்னலில் தொங்குகிற கறுப்புத் திரை நான் தைத்தது. கூலியைப் பேரம் பேசாமல் அன்றைக்கே கொடுத்துவிட்டார், ஆகையால் பாக்கியும் இல்லை, பகையும் இல்லை. ஆனால் கடைக்காரர் அலி கட்சி. நான் ஃபிரேசியர் கட்சி. கீழே எழுதியிருப்பதை அந்தக் கணக்கில் படித்துக்கொள்ளுங்கள்.

டீயைச் சொல்லிவிட்டுப் போகலாம். நீலகிரியில் இருந்துகொண்டு மட்டமான டீ குடிப்பது ரொம்பச் சுலபம், நல்ல இலையெல்லாம் மலையிறங்கிப் போய்விடுகிறது. இவர் தூளைப் பாலோடு போட்டுக் கொதிக்க விடுவதில்லை. துணிப்பையில் டிகாக்ஷன் இறக்கி, பாலைத் தனியாகக் காய்ச்சுகிறார். 15 ரூபாய். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வந்தால் பால் வேண்டாம் என்று சொல்லி ஒரு கட்டன் கேளுங்கள். பனிக்காலத்து இலைக்கு இருக்கிற வாசம் வருஷத்தில் வேறு எப்போதும் கிடைக்காது. வர்க்கி உள்ளூர் பேக்கரிச் சரக்கு, வாயில் வைத்தால் உதிர்கிறது. உருளைக்கிழங்கு போண்டா பரவாயில்லை ரகம். சனிக்கிழமை மட்டும் ஆட்டுக்கால் சூப் உண்டு, 60 ரூபாய். அதற்காகவே வருகிற ஒரு கோஷ்டி இருக்கிறது. அவர்கள் குனிந்த தலை நிமிராமல் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள், சுவரில் யார் விழுந்தார்கள் என்பதுகூடத் தெரியாது. மிளகைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று ஒரு நாள் சொன்னேன். “மிளகு குறைஞ்சா அது சூப் இல்லைங்க தங்கச்சி, கழனித்தண்ணி” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இனி காட்சி. மூன்று நிமிடம் ரவுண்டு ஓடும்போது கடையில் எந்த வியாபாரமும் நடக்காது. டீ கேட்டால் பையன் உதட்டில் விரல் வைப்பான். பெல் அடித்ததும் ஒரு நிமிடம் கிடைக்கும் பாருங்கள், அதற்குள் பறக்கிறான். இடது கையில் எட்டு கிளாஸ் மாட்டிய கம்பித் தட்டு, வலது கையில் துண்டு, பெஞ்சுக்குப் பெஞ்சு குனிந்து நிமிர்ந்து, காலி கிளாஸைப் பொறுக்கி, காசை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டு, அடுத்த பெல்லுக்கு முன் பாய்லர் பக்கம் போய் நின்றுவிடுவான். சுவரில், ஆடுகிறவரின் மூலையில் நிற்கிற உதவியாட்களான கார்னர்காரர்கள் அவர் முகத்தில் வாசலின் தடவி, வீக்கத்துக்கு ஐஸ் ஒற்றி, பல்லுக்குக் காப்பாகக் கடித்துக்கொள்கிற வாய்க்கட்டையைக் கழுவிக் கொடுப்பதும் அதே ஒரு நிமிடத்தில்தான். எந்த வேலை சுத்தம் என்று கேட்டால் நான் பையனுக்குத்தான் மார்க் போடுவேன்.

இங்கிலீஷ் வர்ணனையை அடக்கிவிட்டுக் கடைக்கார அண்ணனே தமிழில் சொல்லிக்கொண்டு போகிறார். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ரிடையர் ஆனவர், பட்டாளத்தில் குத்துச்சண்டை ஆடியவர், மூக்கைப் பார்த்தாலே தெரியும். வர்ணனை அருமை. ஏன் அந்தக் குத்து விழுந்தது என்று சொல்லத் தெரிந்தவர். அவர் சொல்லித்தான் 1971 சண்டையின் 15வது ரவுண்டு எனக்குப் புரிந்தது. இடைவேளையில் ஒரு டீ கிளாஸை வலது கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “அலி, கீழேருந்து மேலே தாடைக்குப் போற அப்பர்கட் போடறதுக்கு வலது கையை இப்படிக் கீழே இறக்குவான். இறக்கினா இந்தக் கன்னம் சும்மா இருக்கு. எட்டி ஃபட்ச்னு ஒரு ஆள், ஃபிரேசியர் கார்னர்ல, அதைப் பார்த்து வச்சிருந்தான். அவன் கை இறங்குற நேரம் உன் இடது ஹூக் கிளம்பணும்னு சொல்லிக் கொடுத்துட்டான்.” கிளாஸ் இடுப்புக்கு இறங்கியது, இடது முஷ்டி சுற்றிக்கொண்டு வந்து தன் வலது தாடைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. பெல் அடித்தது. கொஞ்ச நேரத்தில் சுவரில் அதே கை, அதே கன்னம், அலி மல்லாக்க விழுந்தார், ஷூவில் கட்டியிருந்த சிவப்புக் குஞ்சம் மேலே பறந்தது.

அந்த முதல் சண்டையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஹெவிவெயிட் பட்டத்துக்காகத் தோல்வியே தெரியாத இரண்டு பேர் மோதியது. அலிக்கு 31 வெற்றி, ஃபிரேசியருக்கு 26. ஆளுக்கு 25 லட்சம் டாலர், அந்தக் காலத்தில் யாரும் கேட்டிராத தொகை. வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று சொன்னதற்காக 1967ல் அலியின் பட்டத்தைப் பிடுங்கி, லைசென்ஸையும் பறித்து, மூன்று வருஷத்துக்கு மேல் குத்துச்சண்டை வளையத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவர் இல்லாத சமயத்தில் பட்டம் வாங்கினவர் ஃபிரேசியர். நியாயமாக இரண்டு பேருமே சாம்பியன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தையல்காரி கண்ணுக்குச் சண்டைக்கு முன்னால் துணிதான் படும். ஃபிரேசியர் பச்சையும் பொன்னும் கலந்த ப்ரோகேட் கால்சட்டை. கல்யாணப் புடவைக்குத் தூக்கிவைக்கிற துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒரு மனிதர் அடி வாங்க வருகிறார். அலி சிவப்பு, ஓரத்தில் வெள்ளைப் பட்டை. எட்டு ஒன்பது ரவுண்டு போனதும் ப்ரோகேட் வியர்வையில் ஊறிக் கனத்துத் தொங்குகிறது. அதோடுதான் ஃபிரேசியர் தையல் மிஷின் ஊசி மாதிரி நிற்காமல் குனிந்து நிமிர்ந்து உள்ளே உள்ளே போகிறார். அலிக்கு உயரமும் கை நீளமும் அதிகம். தூரத்தில் நின்று, கையை நேராக நீட்டிக் குத்துகிற ஜாப் போட்டுக்கொண்டே இருக்கலாம். ஃபிரேசியருக்கு ஒரே வழிதான், அந்த ஜாபுக்கு அடியில் நுழைந்து நெஞ்சோடு நெஞ்சாகப் போய் நிற்பது. நுழைவதற்கு முன்னால் இரண்டு மூன்று முகத்தில் விழும். விழுந்தால் விழட்டும் என்று போகிறார். 15 ரவுண்டு போகிறார். தீர்ப்பு மூன்று பேருமே ஃபிரேசியர் பக்கம், ஒருவர் 11-4 என்றுகூடப் போட்டார். அப்புறம் அலி தாடைக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனார், ஜெயித்த ஃபிரேசியர் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இப்போது போனில் இந்தச் சண்டை இருபது விநாடிக்குச் சுருங்கிக் கிடைக்கிறது. அந்தக் குத்து, அந்த விழுகை, மேலே ஒரு பாட்டு. என் கடையில் எடுபிடிக்கு நிற்கிற பிள்ளை காட்டியது. அதைப் பார்த்தால் ஃபிரேசியர் ஏதோ ஒரு குத்தில் ஜெயித்தார் என்றுதான் தோன்றும். அலி விழுந்த வேகத்தில் எழுந்து நின்று மீதி ரவுண்டு முழுக்க ஆடினது அதில் இல்லை. 11வது ரவுண்டிலேயே அவர் கால் ஒருமுறை கழன்றுபோனது இல்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தால்தான் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் படித்தார்கள், ஏன் அவ்வளவு வெறுத்தார்கள் என்பது பிடிபடுகிறது. இந்தக் கடைக்கு இத்தனை நீளமாக மதிப்புரை எழுதுவதே அதற்காகத்தான். 15 ரவுண்டு என்றால் இடைவேளையோடு 59 நிமிடம். இந்த ஊரில் வேறு யாரும் ஒரு விஷயத்தை 59 நிமிடம் வெட்டாமல் காட்டுவதில்லை.

இனி குறைக்கு வருகிறேன். அண்ணன் அலியின் வாயை ரசிக்கிறவர். வர்ணனையை அடக்கி வைத்திருக்கிற மனிதர், சண்டைக்கு முந்தின பேட்டிகளைப் போடும்போது மட்டும் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அலி எதுகை மோனையோடு பாட்டுப் படிப்பதும் ஃபிரேசியரை அசிங்கமானவன், அறிவில்லாதவன், வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறவன் என்று ஏசுவதும் சுவர் அதிரக் கேட்கும். ஒரு பக்கத்து பெஞ்ச் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அலிக்கு லைசென்ஸ் இல்லாமல் வருமானம் நின்றுபோயிருந்த நாளில் கைச்செலவுக்குப் பணம் கொடுத்தவர் இந்த ஃபிரேசியர். லைசென்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவருக்காகப் பேசினவர். கைமாத்து கொடுத்துவிட்டு வாங்கினவனிடமே ஏச்சு வாங்கினவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல். (எங்கள் சொந்தத்திலும் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம்.) அதுவும் வெள்ளைக்காரன் ஆள் என்று யாரைச் சொன்னார்? தெற்குக் கரோலைனாவில் பண்ணை வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் பன்றி துரத்தி விழுந்து இடது கை சரியாக நிமிராமலே போய், பிலடெல்பியாவில் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவரை. அந்த நிமிராத இடது கைதான் பின்னாளில் ஹூக்காக வந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டை விரல் உடைந்த கையோடு தங்கம் வாங்கினார். இதையெல்லாம் அண்ணன் வர்ணனையில் சொல்வதில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லுவேன். “தங்கச்சி, டிக்கெட் விக்கணும்ல, அதுக்குப் பேசினதுங்க அது” என்பார். அலியும் பிற்காலத்தில் அதையேதான் சொன்னார். டிக்கெட் விற்றது, சரி. பள்ளிக்கூடத்தில் ஃபிரேசியரின் பிள்ளைகள் கேலி பட்டதற்கு எந்த டிக்கெட் கணக்கு?

இரண்டாவது சனிக்கிழமை கொஞ்சம் மந்தம், அதை மறைக்க வேண்டியதில்லை. 1974 ஜனவரி 28, 12 ரவுண்டு, உலகப் பட்டத்துக்கான சண்டை இல்லை. அந்தப் பட்டம் அப்போது ஜார்ஜ் ஃபோர்மேனிடம் இருந்தது, 1973ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டே ரவுண்டுக்குள் ஆறு முறை விழவைத்து வாங்கிக்கொண்டு போனார். அலி இந்தத் தடவை கெட்டிக்காரத்தனமாக ஆடினார். ஃபிரேசியர் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் பிடரியில் கை போட்டு அமுக்கிக் கட்டிப்பிடித்துவிடுவார். ரெஃப்ரி டோனி பெரெஸ் பிரித்துவிடுவார், திரும்ப அதே. 2வது ரவுண்டில் ஃபிரேசியர் தள்ளாடிய நேரம் பார்த்து, பெல் அடித்துவிட்டது என்று நினைத்து ரெஃப்ரி நடுவில் புகுந்தது ஒன்றுதான் அதிர்ச்சி, அது ஃபிரேசியருக்குச் சாதகமாக நடந்தது என்று அலி பெஞ்ச் இன்னும் பொருமுகிறது. புள்ளியில் அலி ஜெயித்தார்.

ஆனால் அன்றைக்கு அண்ணன் சண்டைக்கு முன்னால் போட்ட துண்டு சண்டையைவிடச் சூடு. போட்டிக்குச் சில நாள் முன்பு இரண்டு பேரையும் டிவி ஸ்டுடியோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, 1971 சண்டையைப் போட்டுக்காட்டிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாம் போன வாரம் சுவரில் பார்த்ததையே அவர்கள் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தது, நீதான் போனாய், நீதான் அதிக நாள் கிடந்தாய் என்று. அலி ‘அறிவில்லாதவன்’ என்றார். ஃபிரேசியர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து அலி முன்னால் போய் நின்றார். குரல் ஏறவில்லை. அடுத்த நிமிடம் இரண்டு பேரும் கட்டிப் புரண்டு தரையில் கிடந்தார்கள். ஆளுக்கு 5000 டாலர் அபராதம். அன்றைக்கு ஒரு டிக்கெட்டும் விற்கவில்லை என்று நான் சத்தமாகவே சொன்னேன். அண்ணன் பாய்லரைத் துடைக்கப் போய்விட்டார்.

மூன்றாவதுக்கு முன்கூட்டியே போய் இடம் பிடியுங்கள். அன்றைக்கு ரிடையர் ஆன பட்டாளத்துக்காரர்கள் மொத்தமாக வந்துவிடுகிறார்கள், ஸ்டூல், பால் கிரேட், எதுவும் மிஞ்சாது. 1975 அக்டோபர் 1, பிலிப்பைன்ஸில் மணிலா பக்கம் கேசோன் நகரம், அரனேட்டா அரங்கம். அமெரிக்க டிவிக்காகக் காலை 10.45க்கு ஆரம்பித்தது. கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கான ஜனம், விளக்குச் சூடு, புழுக்கம். இங்கே நாம் ஸ்வெட்டர், மங்கி கேப்போடு ஆவி விட்டுக்கொண்டு அவர்கள் வியர்த்துக் கொட்டுவதைப் பார்க்கிறோம்.

ஆரம்ப ரவுண்டுகள் அலிக்கு. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நின்ற இடத்தில் நின்று அடிக்கிறார். நடுவில் ஃபிரேசியர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுகிறார். விலாவிலும் வயிற்றிலும் இறக்குகிறார். அலி கயிற்றில் சாய்ந்து கையால் மூடிக்கொள்கிறார். போன தடவைபோல் பிடரியைப் பிடித்து அமுக்கப் பார்த்தால் பிலிப்பைன்ஸ் ரெஃப்ரி கார்லோஸ் படில்லா கையைத் தட்டிவிடுகிறார். இந்த ரவுண்டுகளில் நான் கையைத் தட்டாமல் இருந்ததில்லை. அப்புறம் 12லிருந்து அலி திரும்ப எழுகிறார், எங்கிருந்து எழுகிறார் என்றே தெரியாது. 13ல் ஃபிரேசியரின் வாய்க்கட்டை தெறித்து வெளியே போகிறது. ஃபிரேசியருக்கு இடது கண்ணில் ஏற்கெனவே புரை, வெளியில் சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். இப்போது வலது கண்ணும் வீங்கி மூடுகிறது. அலியின் வலது கைக் குத்து வருவதே அவருக்குத் தெரியவில்லை. 14வது ரவுண்டில் பின் பெஞ்சிலிருந்து ஒருவர் ஆரம்பித்தார், பிறகு மொத்த வரிசையும் ரெஜிமெண்ட் கோஷத்தைப் பிடித்துக்கொண்டது. “வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!” கண் தெரியாமல் நிற்கிற மனிதனைப் பார்த்து. எனக்கு அந்தக் கோஷத்தின் மேல் மரியாதை உண்டு. அந்த நேரத்தில் கிளாஸைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது, நிஜமாகச் சொல்கிறேன்.

14 முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் எட்டி ஃபட்ச் போதும் என்றுவிட்டார். ஃபிரேசியர் எழப் பார்க்கிறார், ஃபட்ச் தோளை அமுக்குகிறார். வளையத்தில் ஆட்கள் செத்ததைக் கண்ணால் பார்த்த மனிதர் அவர், இன்னொன்று பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தார். எதிர்ப் பக்கத்தில் அலி எழுந்து கையைத் தூக்கினார், தூக்கினதும் தரையில் சரிந்தார். சாவுக்கு இவ்வளவு பக்கத்தில் போனதில்லை என்று பின்னால் அவரே சொன்னார். மூன்று நடுவர் கணக்கிலும் அலிதான் முன்னால் இருந்தார், அதனால் 15வது ரவுண்டு நடந்திருந்தால் என்கிற சண்டையை நான் போடுவதில்லை. அண்ணன் அந்த இடத்தில் வர்ணனையை நிறுத்திவிடுகிறார், அது அவருக்கு ஒரு பிளஸ்.

காட்சி முடிந்ததும் கால் மணி நேரம் பேச்சு ஓடும், அதற்குத் தனி டீ. அதற்கும் இருந்துவிட்டுப் போங்கள். 1996ல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு அலி ஒலிம்பிக் ஜோதி ஏற்றினதைப் பார்த்து உலகமே கண் கலங்கியபோது, அவரை அந்த நெருப்பில் தள்ளியிருப்பேன் என்று ஃபிரேசியர் சொன்னார். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன், என் கட்சிக்காரர் என்றாலும். 2001ல் ஏசினதற்கு வருத்தம் என்று அலி நியூயார்க் டைம்ஸில் சொன்னார். பேப்பரிடம்தானே சொன்னார், என்னிடம் சொல்லட்டும் என்றார் ஃபிரேசியர். இங்கே நான் அவர் பக்கம். அதே வருஷம் ஜூன் 8ந்தேதி இவர்கள் மகள்கள் லைலா அலியும் ஜாக்கி ஃபிரேசியர்-லைடும் வளையத்தில் மோதினார்கள், லைலா புள்ளியில் ஜெயித்தார். ஜாக்கி படித்து வக்கீலாக இருந்தவர், அப்பாவின் கணக்கைத் தீர்க்க முப்பதைத் தாண்டின வயதில் கிளவுஸ் மாட்டினார். நம் ஊரில் வரப்புத் தகராறுதான் தலைமுறைக்கு இறங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2011 நவம்பரில் ஃபிரேசியர் இறந்தார். சவ அடக்கத்துக்கு அலி வந்திருந்தார்.

எங்கள் அப்பா இருந்திருந்தால் இந்தக் கடையைவிட்டு வெளியே வந்திருக்கமாட்டார். ராயபுரத்துக்காரர், வேலைக்காக அருவங்காடு வந்தவர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக மோதின ‘ரோசமான குத்துச்சண்டை’யைப் பார்த்து வளர்ந்தவர். 1980ல் முகமது அலி மெட்ராஸ் வந்தபோது லீவு போட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறிப் போய் நேரு ஸ்டேடியத்தில் பார்த்தார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். காட்சிச் சண்டைதான், அலிக்கு எதிரே ஆடினவர் ஜிம்மி எல்லிஸ். அந்த எல்லிஸை 1970ல் ஐந்தாவது ரவுண்டுக்கு எழவிடாமல் செய்துதான் ஃபிரேசியர் முழுப் பட்டத்தை வாங்கினார் என்று நான் பிற்பாடு படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். “ஆனா மெட்ராஸுக்கு வந்தது யாரு?” என்று கேட்டார். அதற்குப் பதில் கிடையாது.

கடைக்காரரிடம் எனக்கு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. நடுநடுவே போனஸ் என்று ஃபிரேசியர் ஃபோர்மேனிடம் ஆறு முறை விழுந்ததைப் போடுகிறார். போடட்டும், நடந்ததுதான். அப்படியென்றால் 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸிடம் அலி பத்து ரவுண்டு அடி வாங்கி ஸ்டூலிலிருந்து எழாமல் போனதையும் போடுங்கள் என்று கேட்டேன். அதுவும் முழுசாக, பத்து ரவுண்டும். அலியின் டிரெய்னர் ஆஞ்செலோ டண்டிதான் போதும் என்று நிறுத்தினார். அண்ணன் கல்லாவில் சில்லறையை எண்ணிக்கொண்டே, “அதை மட்டும் கேக்காதீங்க தங்கச்சி” என்றார். ஃபிரேசியரை மட்டும் விழவைக்கலாமா என்றேன். “சூப் வேணா இனாமாக் கொடுக்கறேன்” என்றார். சூப்பை வாங்கிக்கொண்டேன். வழக்கு நிற்கிறது.

மற்ற விவரங்கள். பெண்கள் தனியாகப் போகலாமா என்று என் கடைக்கு வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். போகலாம். கல்லாவை ஒட்டிய பெஞ்சைப் பெண்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார், அங்கே வந்து உட்காரும் ஆண்களைப் பையனே எழுப்பிவிடுவான். தண்ணி போட்டுவிட்டு வருகிறவர்களைப் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். கழிப்பறை ஒன்றுதான், கடைக்குப் பின்னால், சுத்தமாக இருக்கிறது, ஆனால் லைட் கிடையாது, போனில் டார்ச் போட்டுக்கொண்டு போகணும். படியில் பாசி, மழை நாளில் கைப்பிடியை விடாதீர்கள். கரண்ட் போனால் புரொஜெக்டருக்கு இன்வர்ட்டர் உண்டு, நெட் பிரச்சனையே இல்லை, எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறார். காட்சிக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை, இரண்டு டீயாவது சாப்பிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். சண்டை நடக்கும்போது போனில் பேசினால் என்ன ஆகும் என்று நான் சொல்லப்போவதில்லை.

வெளி மாவட்டத்திலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். ரோட்டோரம் இரண்டு கார் நிறுத்த இடம் உண்டு, மூன்றாவது வண்டி வந்தால் ஊட்டி பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டான். பஸ்ஸில் வருகிறவர்கள் திரும்பிப் போக வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் பையனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், 15 ரவுண்டு சனிக்கிழமையில் பேச்சு நீண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் அந்த வாரம் காட்சி இருக்காது.

டீக்கு ஐந்துக்கு ஐந்து. சூப்புக்கு நான்கு. காட்சிக்கு ஐந்து, அதில் அலியின் பேட்டிக்குச் சத்தம் கூட்டுவதற்காக ஒன்று கழித்துக்கொள்கிறேன். ஹோம்ஸ் சண்டையைப் போடுகிற அன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.